திரையின் அடியில் ஒரு விரல் அகலம்

காலையில் எழுந்தான். பால் காய்ச்சி, காபி கலந்து, நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது, போடவில்லை. பிறகு உள்ளறைக்குப் போனான். மனைவியின் மேஜையில் இருந்த மானிட்டரின் மேல் விளிம்பை ஒரு துணியால் துடைத்தான். கீபோர்டைத் தொடவில்லை. குனிந்து, மேஜைக்கடியில் கணினியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். பக்கத்தில் கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு யூபிஎஸ் பெட்டி, புதியது. அதன் விளக்கையும் பார்த்தான். இரண்டும் எரிந்தன. அறைக் கதவைச் சாத்தினான்.

அவள் இறந்த பிறகு எல்லா நாளும் இப்படித்தான் விடிந்தது. அன்று ஒரே ஒரு வித்தியாசம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினான்.

துப்பறிவாளரின் அலுவலகம் என்பது ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் பின்னறை. கடை அவருடைய மச்சினனுக்குச் சொந்தம். அறைக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக எல்லா வழக்கிலும் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மச்சினனின் நிபந்தனை. துப்பறிவாளர் முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். தானாக எரிந்த கடை எது, எரிக்கப்பட்ட கடை எது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை. சாம்பலைப் பார்ப்பதில்லை, எரியாமல் மிஞ்சியதைத்தான் பார்ப்பேன் என்பார்.

வந்தவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னான்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் இருக்கிறதல்லவா, எவ்வளவு சாப்பிடுவது, யார் சாப்பிடக் கூடாது என்று. அதை மொழிபெயர்த்துக் கொடுக்கும் நிறுவனத்தில் அவன் மனைவி சரிபார்ப்பாளர். வீட்டிலிருந்தே வேலை. ஒருநாள் காலை அவன் குளித்துவிட்டு வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு கைக்குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. காய்ச்சல் சொட்டு மருந்து. கொடுக்க வேண்டியது அரை மில்லி. தாளில் ஐந்து மில்லி என்று அச்சாகியிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய புள்ளி விடுபட்டிருந்தது. குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் அந்தத் தாளுக்குக் கடைசி ஒப்புதல் கொடுத்தது அவன் மனைவி என்று நிறுவனம் சொன்னது. அவள் விழுந்த அதே காலையில். அந்த முடிவோடு விசாரணை அறிக்கையில் மேலாளர் இந்த வாரம் கையெழுத்துப் போடப்போகிறார்.

துப்பறிவாளர் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

“அவ தப்பு பண்ணியிருந்தா பண்ணினான்னு சொல்லுங்க. பண்ணலைன்னா அதைச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

“உங்களுக்கே சந்தேகம் இருக்கா, தம்பி?”

இருக்கிறது என்றான். கடைசி நாட்களில் அவளுக்குத் தலைவலி வந்துகொண்டிருந்தது. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். அவன் கண்ணாடி மாற்றச் சொன்னான். இன்னொரு சந்தேகமும் உண்டு. அவளை நாற்காலியிலிருந்து தூக்கியபோது அவன் முழங்கை கீபோர்டில் இடித்தது. ஒப்புதலை அழுத்தியது தன் முழங்கையாகக்கூட இருக்கலாம். அவள் விழுந்தது முன்னால், ஒப்புதல் பின்னாலா, அல்லது தலைகீழா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஒப்புதல் பதிவானதும் அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் ஏறக்குறைய ஒரே நேரம்; நிமிடக் கணக்கை அப்போது அவன் பார்க்கவில்லை.

மேலாளர் ஆதாரமாகக் கொடுத்த படம் அவன் போனில் இருந்தது. யாரும் படிக்காமல் ஒப்புதல் கொடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்தில் ஒரு ஏற்பாடு. ஒப்புதல் கொடுப்பவர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் இரண்டு விண்டோவாகத் திரையில் ஒருசேரத் திறந்து வைத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கணினி அந்தத் திரையை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து, அழுத்தியவரின் பெயரோடு சேமித்துவிடும்.

மச்சினன் சால்டரிங் கோலை அணைத்துவிட்டு வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு. இரண்டும் சரிபாதி. சுற்றிலும் வேறெதுவும் இல்லை. அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.

“டாஸ்க்பாரை மறைச்சு வச்சிருக்காங்க மாமா. அந்த இடம்தான் காலியா தெரியுது,” என்றான் மச்சினன்.

“மறைச்சு வச்சா விண்டோ அதுவரைக்கும் இறங்கிடாதா?”

மச்சினன் யோசித்தான். இறங்கிவிடும் என்று ஒப்புக்கொண்டான். சுருதி கொஞ்சம் குறைந்தது.

துப்பறிவாளர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, மனைவி கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை.

“அம்மாவைப் பார்த்துக்கோங்கன்னு சொன்னா.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் கேட்டபோது அவன் அதைச் சொன்னான். பக்கத்தில் மேலாளரும் இருந்தார், அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் மனைவியின் தோழியும் இருந்தாள். எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

துப்பறிவாளர் தலையாட்டினார். மற்ற எல்லாக் கேள்விக்கும் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னவன், இதற்கு மட்டும் தயங்கவில்லை என்பதை மனதில் குறித்துக்கொண்டார்.

*

வீட்டின் உள்ளறையில் மச்சினன் கணினியை எழுப்பினான். பாஸ்வேர்டைக் கணவன் சொன்னான். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைப்பதாகச் சேர்த்துச் சொன்னான்.

அவள் விட்டுப்போன நிலையிலேயே திரை இருந்தது. இரண்டு விண்டோக்கள், ஓரத்துக்கு இழுத்து ஒட்டவைத்தவை. மேலிருந்து கீழே கடைசி விளிம்பு வரை இறங்கியிருந்தன. அடியில் பட்டை இல்லை. இடப்பக்கம் மொழிபெயர்ப்பு, கடைசிப் பக்கம் வரை உருட்டப்பட்டிருந்தது. வலப்பக்கம் மூலம், முதல் பக்கத்தின் தலைப்பில் நின்றது.

“தலைகீழா இருக்கே மாமா. அந்தப் படத்துல மூலம்தானே இடப்பக்கம்?”

கணவன் அப்போதுதான் அதைக் கவனித்தான். இத்தனை நாள் துடைத்தும் திரையைத் திறந்து பார்த்ததில்லை.

அவள் எப்போதுமே இப்படித்தான் வைத்துக்கொள்வாளா என்று துப்பறிவாளர் கேட்டார். கணவன் ஆமாம் என்றான். கல்யாணமான புதிதில் அவன் கேலி செய்திருக்கிறான், பின்பக்கமிருந்து புத்தகம் படிக்கிறவள் என்று. அதற்கு அவள் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. மூலத்தை முதலில் படித்தால் கண் அதையே எதிர்பார்த்துக்கொண்டு வரும். இல்லாத புள்ளியைக்கூடத் தானே போட்டுக்கொள்ளும். மருந்து வாங்குகிறவர் கையில் மூலம் இருக்காது. அதனால் அவள் முதலில் மொழிபெயர்ப்பை மட்டும், வாங்குகிறவரைப்போல, முழுக்கப் படிப்பாள். அப்புறம்தான் மூலத்தைத் தொடுவாள். கண் இடப்பக்கம்தான் முதலில் போகும். ஆகவே மொழிபெயர்ப்பு இடப்பக்கம்.

மச்சினன் உடனே வழக்கை முடித்துவிட்டான். மூலம் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறது. அப்படியானால் அவள் ஒப்பிடவே ஆரம்பிக்கவில்லை. வேறு யாரோ அவள் லாகினில் நுழைந்திருக்கிறார்கள்.

“அவசரப்படாதே. ஒப்பிட்டு முடிச்சுட்டு மறுபடி மேலே வந்திருக்கலாம்னு மேலாளர் சொல்வார். ஒருநாள் இடம் மாத்தி வச்சிருக்கலாம்னும் சொல்வார். இது பாதிதான்.” துப்பறிவாளர் கணவனைப் பார்த்தார். “முழங்கை விஷயத்தை மட்டும் இப்பவே முடிச்சுடலாம்.” மச்சினன் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, முழங்கையால ஒப்புதல் கொடு பார்ப்போம்.”

வேறொரு பழைய தாளைத் திறந்து வைத்துக்கொண்டு மச்சினன் மனப்பூர்வமாக முயன்றான். முன்னால் சாய்ந்தான், பக்கவாட்டில் சரிந்தான், ஒருமுறை மவுஸ் மேலேயே விழுந்தான். ஒப்புதல் பொத்தானை மவுஸால் அழுத்த வேண்டும், பிறகு “நிச்சயமா?” என்று கேட்கும் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். முழங்கைக்கு எழுத்து வராது. அந்தப் பழைய தாளை மூடியதும் அவளுடைய இரண்டு விண்டோக்களும் முன்போலவே தெரிந்தன.

கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவர்கள் வந்ததிலிருந்து அவன் உட்காரவில்லை.

வெளியே வரும்போது துப்பறிவாளர் குனிந்து யூபிஎஸ் பெட்டியைப் பார்த்தார். எப்போது வாங்கியது என்று கேட்டார். அவள் போன மறுநாள் என்றான். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

*

நிறுவனம் ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தது. நீளமான அறை, தடுப்பு வைத்த மேஜைகள், யாரோ வைத்து யாரும் தண்ணீர் ஊற்றாத செடி. ஆள் உள்ளே வந்ததும் எல்லோரும் தட்டச்சுச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசுவதற்கு முன் ஒருமுறை தடவிப் பார்த்தார். இறந்தவர்மேல் பழி போடுவதில் தனக்கு விருப்பமில்லை. ஆனால் படம் படம்தான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எல்லோரும் அலுவலகக் கணினி வழியாகவே உள்ளே வருவதால், எந்த இடத்திலிருந்து அழுத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை; பெயரும் நேரமும் மட்டும்தான் பதிவாகும். அவர் திரையில் ஒரு விண்டோ முழுத் திரையையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால், ஈரத்துணி மூட்டையில் காலுறை தேடுவதுபோலத் தேடினார்.

அவளுடைய பழைய ஒப்புதல் படங்களை எல்லாம் துப்பறிவாளர் கேட்டார். மேலாளர் தேடி எடுத்தார். மச்சினன் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். எல்லாவற்றிலும் மொழிபெயர்ப்பு இடப்பக்கம். எல்லாவற்றிலும் விண்டோ அடிவரை இறங்கியிருந்தது. அந்தக் கடைசிப் படத்தில் மட்டும் இல்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இரண்டு விண்டோவும் இருக்கிறதா என்று மட்டும்தான் இதுவரை பார்த்ததாகச் சொன்னார். பிறகு, உடம்பு சரியில்லாத நாளில் யாருக்கும் பழக்கம் தவறலாமே என்றார். மேலாளர் இப்படித்தான் சொல்வார் என்று துப்பறிவாளர் முன்பே சொன்னதை அவர் அப்படியே சொல்லிவிட்டதால், மச்சினன் சிரிப்பை அடக்க வெளியே போனான்.

மொழிபெயர்ப்பாளர் ஒல்லியான இளைஞர். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லை. திரையைக் குளியலறைத் தரைபோல நான்கு சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு விண்டோவை ஒட்டியிருந்தார். புள்ளியை விட்டது தான்தான் என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். அதை யாரிடமும் மறைக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மேலாளர் நினைச்சா யார் பாஸ்வேர்டை வேணும்னாலும் மாத்தலாம் சார். அன்னைக்குக் காலையில அச்சகத்துக்காரன் வேற கத்திக்கிட்டிருந்தான். அதையும் யோசிங்க.”

திரும்பி வந்த மச்சினனுக்கு இது பிடித்துப்போனது. மேலாளர்தான் என்று துப்பறிவாளர் காதில் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஒப்புக்கொள்கிறாரே, அதுவும் சந்தேகம்தான் என்று அடுத்த நிமிடம் சொன்னான். செடியைத் தவிர எல்லோரையும் அவன் சந்தேகப்பட்டான்.

தோழி பக்க வடிவமைப்பாளர். ஒப்புதல் வந்த தாளை அழகாக அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. ஒப்புதல் கொடுப்பது அவள் வேலையல்ல. அதனால் அவள் பெயரில் ஒப்புதல் படம் ஒன்றுகூடக் கிடையாது. இறந்தவளைப் பற்றிப் பேச்செடுத்ததும் அழுதாள். சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலைவலி மாத்திரைவரை எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டவர்கள் தாங்கள் என்றாள். அண்ணன் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று கணவனைப் பற்றி விசாரித்தாள். அவள் திரையில் இரண்டு விண்டோக்கள் பக்கம்பக்கமாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, பின்னணிப் படத்தில், ஒரு சின்னப் பெண் தரையில் குப்புறப் படுத்து, மோவாயைத் தரையில் வைத்து, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணா?” என்றார் துப்பறிவாளர்.

“ஆமா சார். நாள் பூரா இங்கேதான் இருக்கேன். அவ மூஞ்சியை மறைக்க மனசு வராது.”

துப்பறிவாளர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். மாடிப்படியில் மச்சினன், இந்தம்மா ஒருத்திதான் மனசுவிட்டு அழுதாங்க என்றான். ஆமாம் என்றார்.

*

மறுநாள் மதியம் அந்த நிறுவனத்தின் கூட்ட அறையில் மேலாளர், மொழிபெயர்ப்பாளர், தோழி மூவரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். எதிரே கணவன். மச்சினன் கடையிலிருந்து ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்திருந்தான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆக்கியது. திரையில் படம் இல்லை, வெறும் கறுப்பு.

துப்பறிவாளர் சாவகாசமாகச் சொன்னார். தனக்கு இந்த வேலை புரியவில்லை. ஒவ்வொருவரும் அந்தத் தாளின் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் தனக்குத் தெரிகிற மாதிரி இந்தத் திரையில் திறந்து வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும். மேலாளர் இதென்ன சோதனை என்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

அவர் ஒன்றைத் திறந்து முழுத் திரைக்கும் பரப்பினார். இன்னொன்றை அதன்மேல் பரப்பினார். பிறகு முதலாவதைக் காணாமல் தேடினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டபோது, பையன்களைக் கூப்பிட்டுத்தான் வைப்பேன் என்று மெதுவாக ஒப்புக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் மேல் மூலைகளில் ஒட்டினார். கீழ்ப்பாதி அகராதிக்கு என்று காலியாக விட்டார். மச்சினன் எல்லாவற்றையும் மூடிவிட்டு லேப்டாப்பைத் தோழியிடம் தள்ளினான்.

அவள் மூலத்தை இடப்பக்கம் ஒட்டினாள். மொழிபெயர்ப்பை வலப்பக்கம் ஒட்டினாள். இரண்டும் அடிவரை இறங்கி நின்றன. பிறகு, யாரிடமோ பேசிக்கொண்டே வாசல் விளக்கை அணைப்பவர்களைப்போல, யோசிக்காமல், மவுஸை அடி விளிம்புக்குக் கொண்டுபோய் ஒன்றை மேலே இழுத்தாள். மற்றதையும் அதே அளவுக்கு இழுத்தாள். கையை எடுத்தாள்.

அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை தெரிந்தது.

துப்பறிவாளர் ஒப்புதல் படத்தின் அச்சுப் பிரதியை லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

“அம்மா, இந்தத் திரையில உங்க பொண்ணு இல்லையே. எதுக்கு இடம் விட்டீங்க?”

தோழி திரையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

துப்பறிவாளர் மற்றவர்களுக்காக விளக்கினார். விண்டோவை ஓரத்தில் ஒட்டவைத்தால் அது தானாக அடிவரை போகும். அடியில் இடம் இருக்கிறதென்றால், ஒருவர் வேலை மெனக்கெட்டு இழுத்திருக்கிறார். காரணம் இருந்தால்தான் ஒருவர் அப்படிச் செய்வார். ஆனால் ஒப்புதல் படத்தில் அந்தப் பட்டையில் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல். காரணம் இல்லாத இடத்தில் செய்த காரியம் என்றால் அது பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வேறெங்கேயோ ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைத்தான் அவர் மேஜை மேஜையாகத் தேடினார். தோழியின் திரையில், சரியாக அந்த இடத்தில், ஒரு குழந்தையின் முகம் இருந்தது. இறந்தவளின் லாகினில் அவள் நுழைந்தபோது பின்னணியில் அலுவலகத்தின் சாம்பல் நிறம்தான் வந்தது. ஆனால் கைக்கு அது தெரியாது.

“இறந்தவங்க ஒருநாளும் மூலத்தை இடப்பக்கம் வச்சதில்ல. அடியில இடம் விட்டதும் இல்ல. இந்தப் படத்துல ரெண்டும் இருக்கு. ரெண்டும் ஒருத்தர்கிட்டதான் இருக்கு.”

பாஸ்வேர்டு எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்டார். தோழி கணவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அவதான் கொடுத்தா அண்ணா. ஸ்கேன் எடுக்கப் போன அன்னைக்கு. தலைவலிக்கு எடுத்தாளே. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னா, பயந்துடுவீங்கன்னு.”

ஸ்கேன் என்ற சொல் கணவனுக்குப் புதிது.

பிறகு அவள் மற்றதைச் சொன்னாள். அன்று காலை அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு கத்தினார்கள். ஒப்புதல் வரவில்லை. தனக்கும் அவளுக்கும் இடையே பல வருடமாக ஒரு வழக்கம்: தாளில் தப்பு இருந்தால்தான் அவள் கூப்பிடுவாள். கூப்பிடவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

“சத்தமே இல்ல. சரி, படிச்சு முடிச்சுட்டா, பொத்தானை அழுத்த மறந்துட்டான்னு நினைச்சேன். நானே உள்ளே போய் ரெண்டையும் திறந்து வச்சு அழுத்திட்டேன். அவ அப்ப விழுந்து கிடந்திருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்புறம் தெரிஞ்சுதே,” என்றார் துப்பறிவாளர்.

“தெரிஞ்சுது. அந்தக் குழந்தை விஷயம் வந்தப்ப வாயைத் திறக்கணும்னு நினைச்சேன். எனக்கு இருக்கிறது இந்த வேலை ஒண்ணுதான், பொண்ணு ஒருத்திதான். போனவளுக்கு இனிமே என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்.”

அவள் அழவில்லை. முதல்நாள் அழுததெல்லாம் நிஜம்தான் என்று மச்சினனுக்கு அப்போது தோன்றியது. அதுதான் அவனைத் தொந்தரவு செய்தது.

மேலாளர் அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். புதிதாக எழுதுவதாகவும், அதில் பார்க்காமல் விட்ட தன் பெயரும் இருக்கும் என்றும் சொன்னார். கணவன் எழுந்தான். தோழியின் பக்கம் வந்து நின்றான். ஏதோ கேட்கப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் லேப்டாப்பை மட்டும் பார்த்தான். அடியிலிருந்த கறுப்புப் பட்டையைப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

*

துப்பறிவாளரும் மச்சினனும் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மச்சினன் வழி முழுக்க வழக்கைத் திரும்பத் திரும்பப் பேசினான். தான் சந்தேகப்படாத ஒரே ஆள் மாட்டிக்கொண்டதில் அவனுக்கு ஏக வருத்தம். செடியையாவது விசாரித்திருக்கலாம் என்று துப்பறிவாளர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டான்.

கணவன் காபி போட்டுக் கொடுத்தான். மூவரும் உள்ளறையில் உட்கார்ந்தார்கள். மேஜைக்கடியில் இரண்டு விளக்குகளும் எரிந்தன.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி,” என்றார் துப்பறிவாளர். “எனக்காகத்தான் கேட்கிறேன். வழக்குக்கு இல்ல. அவங்க கடைசியா சொன்னது அம்மாவைப் பத்தி இல்லையே?”

கணவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அவங்க சொன்னதை அப்படியே செய்யற ஆள் நீங்க. அம்மாவைப் பார்த்துக்கச் சொல்லியிருந்தா, அவங்க இந்நேரம் இந்த வீட்டுல இருந்திருப்பாங்க. இங்கே தினமும் பார்த்துக்கப்படறது இந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணுதான். போன மறுநாள், சடங்கு சம்பிரதாயத்துக்கு நடுவுல, கடைக்குப் போய் இதுக்கு யூபிஎஸ் வாங்கியிருக்கீங்க.”

இல்லை என்றான் அவன். மாமியார் வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா, சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோர் முன்னாலும் ஒன்றைச் சொல்லிவிட்டான். அது அப்படியே நின்றுவிட்டது. பிறகு இந்தப் பழி வந்தது. அவள் உண்மையில் சொன்னதை அப்போது போய்ச் சொன்னால், பெண்டாட்டியைக் காப்பாற்ற இப்போது புதிதாக ஒரு கதை கட்டுகிறான் என்றுதான் நினைப்பார்கள். உங்களிடம்கூட அதனால்தான் சொல்லவில்லை என்றான்.

“அந்த அம்மாகிட்ட மாத்திச் சொல்ல வேண்டாம்,” என்றார் துப்பறிவாளர். “அது அவங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா போய்ப் பாருங்க.”

கணவன் தலையாட்டினான். எழுந்து மானிட்டரின் முன்னால் போய் நின்றான். மச்சினன் திறந்துவிட்டுப் போனபடியே திரை இருந்தது. இடப்பக்கம் கடைசிப் பக்கம். வலப்பக்கம் தலைப்பு.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது அவள் கண் மூடியிருந்தது என்றான். வாசல் தாண்டப்போகிறார்கள் என்று நினைத்தான். அவள் கண்ணைத் திறந்து, அவனைப் பார்க்கவில்லை, இந்த அறைப் பக்கம் பார்த்தாள். சாதாரணக் குரல்தான். கடைக்குப் போய்விட்டு வருகிறவள் சொல்கிற மாதிரி.

“மூடிடாதீங்க. இடப்பக்கம்தான் முடிஞ்சிருக்கு. வலப்பக்கத்தை வந்து பார்த்துக்கறேன்.”